பிள்ளைகள் படிக்கக் கூடாது!



போன தடவை நான் இந்தச் சுவர் இதழில் எழுதியது கொசு ஒழிப்பு பற்றி. இந்தத் தடவை விஷயம் பெரியது. நான்கு தாள் ஒட்டியிருக்கிறோம். மணி அடித்துவிட்டால் பாதியில் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

சமூக அறிவியலில் எங்களுக்கு 'புரட்சிகளின் காலம்' என்ற பாடம் நடந்தது. 1776 ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்கர்கள் சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டார்கள், அதில் மனிதர்கள் எல்லாரும் சமம் என்று சொன்னார்கள் என்று டீச்சர் நடத்தினார்கள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆபிரகாம் லிங்கன் அடிமைகள் விடுதலை அறிவிப்பு வெளியிட்டது 1863-இல். இது ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டிக்கு நான் மனப்பாடம் செய்தது, அதனால் மறக்கவில்லை. கழித்துப் பார்த்தால் நடுவில் 87 வருஷம் வருகிறது. "அப்ப 'எல்லாரும்'னா யாரு டீச்சர்?" என்று எழுந்து கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு பயமாக இருந்தது. ஆனால் டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா கேட்ட. அந்தப் பிரகடனத்தை எழுதின தாமஸ் ஜெபர்சன்கிட்டயே நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தாங்க" என்றார்கள். அன்று முழுப் பீரியடும் அதிலேயே போய்விட்டது. கடைசியில், "இதைப் படிச்சு சுவர் இதழுக்கு எழுதிட்டு வா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடிமை என்றால் சங்கிலி, சாட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். படித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம்! தென் கரோலினாவில் 1740-லேயே, அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம். வட கரோலினாவில் 1830-இல் போட்ட சட்டம் இன்னும் மோசம். கற்றுக்கொடுப்பவர் வெள்ளையர் என்றால் அபராதம் அல்லது ஜெயில். ஓர் அடிமை இன்னொரு அடிமைக்குச் சொல்லிக்கொடுத்தால் வெறும் முதுகில் 39 கசையடி. ஏன் இந்தச் சட்டம் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். படித்தால் அடிமைகளுக்கு மனக்குறை வந்து கலகம் செய்வார்களாம். அதாவது, படிப்பு என்ன செய்யும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பிரடெரிக் டக்ளஸ் என்று ஒரு பையன். பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டில் அடிமை. அந்த வீட்டு அம்மா விவரம் தெரியாமல் அவனுக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தடுத்துவிட்டார். பையன் சும்மா இருக்கவில்லை. தெருவில் திரியும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு ஒவ்வொரு பாடமாக வாங்கிக்கொண்டான். 1838-இல் தப்பி ஓடி, 1845-இல் தன் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். (பையன் என்று ஆரம்பித்து 'எழுதிவிட்டார்' என்று முடித்திருக்கிறேன். தப்பில்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.)

இன்னொருவர் கார்ட்டர் வுட்சன். 1875-இல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். வுட்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். உயர்நிலைப் பள்ளியில் சேரும்போதே வயது 20! நம் வகுப்பில் ஒரு வருஷம் தவறினாலே "இனிமே நான் வரமாட்டேன்" என்று அழுகிறோம். அவர் 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் அவர் ஒரு குறையைக் கவனித்தார். பள்ளிப் புத்தகங்களில் கறுப்பின மக்களே இல்லை. இருந்தாலும் அடிமைகளாக மட்டுமே இருக்கிறார்கள். அதனால் 1926 பிப்ரவரியில் ஒரு வாரம் பள்ளிக்கூடங்களில் கறுப்பின வரலாற்றை நடத்த வேண்டும் என்று தொடங்கினார். லிங்கனும் டக்ளஸும் பிறந்தநாள் கொண்டாடும் வாரம் அது. 1976-இல் அது ஒரு மாதம் ஆனது. இன்றைக்கும் அமெரிக்காவில் பிப்ரவரி என்றால் கறுப்பின வரலாற்று மாதம்.

இதோடு கட்டுரையை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா அமெரிக்கா ரொம்ப தூரம். தூரத்துல நடந்ததைப் படிச்சு அழுறது சுலபம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ் பக்கங்களைக் கொண்டுவந்தார்கள். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதியது. 1931-இல் இந்தியா முழுவதும் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது அவர்தான் தலைமை அதிகாரி. இந்தியாவின் சாதிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1946-இல் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த ஊர்ப்பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இராமநாதபுரம்!

சின்ன வகுப்பு மாணவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-இல்தான். அதற்கு முன்னால் நம் ஆத்தங்குடி, காரைக்குடி, தேவகோட்டை எல்லாமே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அதனால் அது நம் மாவட்டத்துக் கதை.

1930 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுக் கட்டுப்பாடு போட்டார்கள். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அப்படியும் அந்த மக்கள் பயந்து அடங்கவில்லை. அதனால் 1931 ஜூனில் மறுபடி கூட்டம் போட்டு, எட்டைப் பதினொன்றாக்கினார்கள். அதில் ஒன்று தண்ணீர்க் குடத்தைப் பற்றியது. பெண்கள் செம்புக் குடம், பித்தளைக் குடம் எடுக்கக் கூடாது, மண்குடம்தான். அதுமட்டுமில்லை, தலையில் வைக்கும் சும்மாடுகூடத் துணியில் இருக்கக் கூடாதாம், வைக்கோலில்தான் இருக்க வேண்டுமாம்! இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்தேன். குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் சும்மாட்டின் அருமை தெரியும். ஒரு கூட்டம் முழுக்கப் பெரிய ஆம்பளைகள் உட்கார்ந்து, இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலைக்கும் குடத்துக்கும் நடுவில் துணி இருக்கலாமா வைக்கோல் இருக்கலாமா என்று பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் பதினொன்றில் நாலாவது, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. ஐந்தாவது, பிள்ளைகள் மிராசுதார்களின் மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும். பெரியவர்களுக்குக் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா கூலி, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது.

வட கரோலினா 1830. இராமநாதபுரம் 1931. நான் இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தேன். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சட்டமன்றமே போட்ட சட்டம். இங்கே சட்டம் வேறு மாதிரி இருந்தது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் பொது என்று 1924-லேயே சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியிருந்தது. ஆனால் ஊர்க்கூட்டம் சட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை.

யார் இந்தக் கட்டுப்பாடுகளைப் போட்டார்கள் என்று ஹட்டன் சாதிப் பெயரோடு எழுதியிருக்கிறார். அதை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நாலு தாளிலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் எல்லாரும் படிப்பார்கள், பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டை வரும் என்று டீச்சர் சொன்னார்கள். முதலில் எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. இப்போதும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பெயருக்குப் பதில் என்னைப் பற்றி எழுதிவிடுகிறேன். என் வீடு கட்டுப்பாடு போட்டவர்கள் பக்கம்தான்.

அன்று ராத்திரி எங்கள் அப்பத்தாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் நெசமா அப்பத்தா?" என்று கேட்டேன். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எனக்கு முந்துன காலத்து சமாச்சாரம் தாயி அது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தானாகவே சொன்னது:

"நான் பள்ளியோடம் போகயில எங்க வீட்டுக் கொல்லப்பக்கம் ஒரு புள்ள வரும். எம் வயசுதேன். அவுக ஆத்தா எங்க வயல்ல வேல செஞ்சாக. எங்க மாட்ட அந்தப் புள்ளதான் மேய்க்கும். தண்ணி கேக்கும். செம்ப குடுக்கக் கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லிருக்காக. அது ரெண்டு கையையும் குவிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கும், நான் ஒசக்க இருந்து ஊத்துவேன். ஊத்திட்டுப் பள்ளியோடம் போயிருவேன்."

"அந்தப் புள்ள பேரு என்ன அப்பத்தா?"

"மாட்டுக்காரப் புள்ளன்னுதேன் கூப்புடுவோம். பேரு கேட்டதில்லயே ஆத்தா."

அப்பத்தா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் என் தோழியிடம் சொன்னேன். ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். அவள் பெயரை எழுதவில்லை, அவளே வேண்டாம் என்றாள். அவள் வீடு அந்தக் குடம் தூக்கியவர்கள் பக்கம். இதைச் சுவர் இதழில் போடலாமா என்று கேட்டேன். அவள் ஜெராக்ஸைக் கையில் வாங்கி மெதுவாகப் படித்தாள். "எழுதுடீ. ஆனா எங்கள பாவம்னு எழுதாத" என்றாள். "இதுல நாங்க என்ன செய்யக் கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு. நாங்க என்ன செஞ்சோம்னு எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வுட்சன் சொன்னதும் இதுதானே! நான் அதைப் போன பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே மறந்துபோயிருக்கிறேன். அதனால் மறுபடி நூலகத்துக்குப் போனோம், இந்தத் தடவை இரண்டு பேரும்.

முதலில் கிடைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறார். அக்காமார்களிடம் வாங்கிப் பார்க்கலாம். அவர் 1939-இல் தன் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக எழுதியிருக்கிறார். அதில் கோயமுத்தூரில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்கிறார். சுமார் 400 பிள்ளைகள் படித்த இடம், பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். யாருடனாவது பழகினால் தன் சாதி, வீடு எல்லாம் விசாரிப்பார்கள், தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். ஒரு நாள் இல்லை, தினமும்.

இடைவேளையில் விளையாடாமல் யாராவது தனியாகப் புத்தகம் வைத்திருந்தால் "படிப்ஸ்" என்று கேலி செய்கிறோமே, இனிமேல் நான் செய்ய மாட்டேன்.

அந்தப் பையன் பெரியவராகி 1893-இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். எந்தப் பெயரைச் சொல்லப் பயந்து வெளியே உட்கார்ந்திருந்தாரோ அதே பெயரை அச்சில் போட்டார். சென்னைச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரோடு போனார். இங்கேதான் என் தோழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். முதல் வட்டமேசை மாநாடு நடந்தது 1930 நவம்பர் முதல் 1931 ஜனவரி வரை. நம் மாவட்டத்தில் எட்டுக் கட்டுப்பாடு வந்தது 1930 டிசம்பரில். "பாரு, இங்க கோட்டு போடக் கூடாதுன்னு கூட்டம் போட்டு சொல்லிக்கிட்டு இருக்கையில அவரு கோட்டு போட்டுக்கிட்டு லண்டன்ல பேசிக்கிட்டு இருக்காரு!" என்று நூலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டாள். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கினார். அவருக்குப் பழக்கமானவர் கர்னல் ஆல்காட். இந்த ஆல்காட் அமெரிக்கர்! அடிமை முறையை ஒழித்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றியவர். அவர் சென்னை அடையாறுக்கு வந்து, 1894-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் ஒரு பள்ளி இப்போதும் பெசன்ட் நகரில் இருக்கிறது.

மராட்டியத்தில் ஜோதிராவ் பூலே 1873-இல் 'குலாம்கிரி' என்ற புத்தகம் எழுதினார். குலாம்கிரி என்றால் அடிமைத்தனம். அதை அவர் யாருக்குச் சமர்ப்பணம் செய்தார் தெரியுமா? கறுப்பின மக்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த அமெரிக்க மக்களுக்கு! ஆக இரண்டு வரலாற்றையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் நான் இல்லை. 150 வருஷம் லேட்.

கேரளத்தில் அய்யன்காளி. இவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. சேர்க்கும்வரை வயலில் இறங்கமாட்டோம் என்று வேலை நிறுத்தம் செய்தார்கள். பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி ஊருட்டம்பலம் என்ற ஊரில் பள்ளிக்கு அழைத்துப்போனபோது, அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். எரிந்த பெஞ்சு ஒன்றை அங்கே இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இது நடந்தது போன நூற்றாண்டின் தொடக்கத்தில். அமெரிக்காவில் 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, நியூ ஆர்லியன்சில் வெள்ளையர் பள்ளிக்குப் போலீஸ் பாதுகாப்போடு போனாள். மற்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். வருஷம் பூராவும் ஒரு டீச்சர், ஒரே ஒரு மாணவி, அவ்வளவுதான் வகுப்பு.

1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தலைமை ஆசிரியர் பிள்ளைகளிடம் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்குக் கோபம் வந்ததாம். யோசித்துப் பார்த்த பிறகு, ஆமாம், நானும் அப்படித்தான் என்று தோன்றியதாம். இதை அவரே பின்னால், 1965-இல், சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் அன்று அவரைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துப் பார்க்கிறேன். கோட்டுப் போட்ட பெரிய மனிதர், கடல் தாண்டி வந்தவர், அவரும் நம்மைப் போலத்தானாம்!

இதையெல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, பழைய காயத்தை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். அமெரிக்காவிலும் இந்தச் சண்டை இருக்கிறது. இனத்தின் பெயரால் மாணவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வரும்படி பாடம் நடத்தக் கூடாது என்று புளோரிடா மாநிலம் 2022-இல் சட்டம் போட்டது. 2023 ஜனவரியில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு பற்றிய ஒரு புதுப் பாடத்தையே அங்கே மறுத்துவிட்டார்கள். நம் நாட்டில் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில், திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் போராடிய பாடம் இருந்தது. 2016 டிசம்பரில் அந்தப் பகுதி தேர்வுக்குக் கிடையாது என்று அறிவித்தார்கள். 2019-இல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு என்றால் என் வகுப்பு. எனக்கு வயது போதாது என்று யாரும் சொல்ல முடியாது. பஞ்சமிக்கும் ரூபிக்கும் என்னைவிட வயது குறைவு.

குற்ற உணர்ச்சி வருமா? வரும். அப்பத்தா "பேரு கேட்டதில்லயே" என்று சொன்னபோது எனக்கு வந்தது. அப்பத்தாவுக்கும் வந்தது, முகத்தில் தெரிந்தது. அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. தெரியாமல் இருப்பதால் வரும் கெடுதல்தான் பெரிது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள்! அதற்குப் பிறகு அரசு, நீதிபதி சந்துருவின் தலைமையில் குழு அமைத்தது. கையில் சாதிக் கயிறு கட்டி வரக் கூடாது என்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அவர் கொடுத்தார். அந்த மாணவன் 2024 பிளஸ் டூ தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினான் என்பதையும் எழுதச் சொன்னாள் என் தோழி. எழுதிவிட்டேன்.

கயிறை அவிழ்க்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் ஏன் அவிழ்க்க வேண்டும் என்று தெரியாமல் அவிழ்த்தால், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மறுபடி கட்டிக்கொள்வார்கள் என்பது என் கருத்து.

இந்த வாரம் அப்பத்தா என்னிடம், "உங்கூட உக்காருற புள்ள பேரு என்ன தாயி?" என்று கேட்டது. சொன்னேன். "ஒரு நா வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றது. தோழியிடம் சொன்னேன். "யோசிச்சு சொல்றேன்" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

இந்தத் தாள்களுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறோம், நூலில் பேனாவும் கட்டியிருக்கிறோம். உங்கள் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தாவிடம் அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தைக் கேளுங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள், யார் போகவே இல்லை, யார் எப்படியாவது போய்ப் படித்தார்கள் என்று கேட்டு, ஒரு வரியோ இரண்டு வரியோ எழுதுங்கள். சாதிப் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். பேனா தீர்ந்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் வந்து கேட்கவும்.